50 மார்க்குக்கு பிளாட்டினம்

என் வேலை என்னவென்று வீட்டில் விளக்குவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். போன தீபாவளிக்கு வந்திருந்த மாமாதான் விடாமல் கேட்டார். சரி என்று உட்கார்ந்து சொன்னேன். கால்வாய், பம்ப் நிலையம், சுரங்கப்பாதை, பாலம் என்று எதையாவது கட்டும்போது அது இயற்கையை எவ்வளவு கெடுக்கிறது, அக்கம்பக்கத்தாருக்கு எவ்வளவு உதவுகிறது, நாளைக்குப் பெருமழையோ கடல்நீரோ வந்தால் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்றெல்லாம் பார்த்து மார்க் போடுவார்கள். அந்த மார்க்குக்கான சான்றுகளைத் திரட்டிக் கோப்பு கட்டிக் கொடுப்பவள் நான். மாமா கேட்டது ஒரே கேள்வி: “எத்தனை எடுத்தா பாஸ்?” 20 சதவீதம் எடுத்தால் சான்றிதழ், 30க்கு வெள்ளி, 40க்குத் தங்கம், 50க்கு பிளாட்டினம் என்றேன். அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: “50க்கு பிளாட்டினமா? தொடக்கநிலை ஆறுல கணக்குல 70 வாங்கினதுக்கு உன்னை நான் டியூஷனுக்கு அனுப்பினேன்!”

அம்மா கேட்டதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் முறுக்கு பிழிந்துகொண்டிருப்பவரிடம் சொல்கிற மாதிரிப் பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் சொன்ன கணக்கு என்விஷன் என்ற முறையினுடையது. அமெரிக்காவின் சிவில் பொறியாளர் சங்கம், பொதுப்பணித் துறையினர் சங்கம், ஆலோசனைப் பொறியியல் நிறுவனங்களின் மன்றம் ஆகிய மூன்றும் சேர்ந்து 2010இல் தொடங்கிய ஓர் அமைப்பு அதை நடத்துகிறது. 2018இல் வந்த மூன்றாம் பதிப்பில் 64 இனங்கள், அதாவது மார்க் போடப்படும் தலைப்புகள், மொத்தம் 1000 புள்ளி. வாழ்க்கைத்தரம், தலைமைத்துவம், வளங்களின் பயன்பாடு, இயற்கை, பருவநிலையும் மீள்திறனும் என்று ஐந்து பிரிவு. ஒவ்வோர் இனத்துக்கும் படிகள் உண்டு. முதல் படியே வழக்கமாகச் செய்வதைவிட ஒரு பிடி மேலே இருக்கும். பல இனங்களில் கடைசிப் படிக்கு, ஏற்கெனவே கெட்டுக்கிடப்பதை மீட்டுக் கொடுத்தாக வேண்டும்.

உதாரணத்துக்கு, இங்கே சிங்கப்பூரில் கட்டுமானத் தளத்திலிருந்து கால்வாய்க்குள் விடும் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மண்துகள் இருக்கக் கூடாது. அது சட்டம். நீர் வெளியேறும் இடத்தில் கேமரா வைத்து, கலங்கல் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். “நாங்கள் ஒருநாளும் 50ஐத் தாண்டவில்லை” என்று கோப்பில் வைத்தால் கிடைப்பது பூஜ்யம். சட்டத்தை மீறாமல் இருந்ததற்கு யாரும் மார்க் போடுவதில்லை. அதனால்தான் பாதியைத் தொடுவதற்குள் நாக்குத் தள்ளிவிடுகிறது.

இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. சதவீதம் 1000க்குக் கணக்கிடப்படுவதில்லை. உங்கள் திட்டத்துக்குப் பொருந்துகிற இனங்களின் கூட்டுத்தொகைக்குத்தான். மண்ணுக்கடியில் ஓடுகிற குழாய்க்கு, இரவு விளக்கு வெளிச்சம் அடுத்த வீட்டைத் தொந்தரவு செய்கிறதா என்ற கேள்வி பொருந்தாது, எடுத்துவிடலாம். நியாயம். ஆனால் முதல் கூட்டத்திலேயே “பொருந்தாது” பட்டியலை நீட்டப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மேலே உள்ள எண்ணைக் கூட்ட முடியாவிட்டால் கீழே உள்ள எண்ணைக் குறை. சோதிக்கிறவர்கள் இதற்கும் சான்று கேட்பார்கள் என்று தெரிந்தும் முயற்சி நடக்கும். நான் முகத்தைச் சுளிப்பது பெரும்பாலும் அந்தக் கூட்டங்களில்தான்.

என்விஷன் மட்டும் இல்லை. பிரிட்டனில் 2003இல் வந்த சீக்குவல்தான் இந்த வகையில் மூத்தது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2012 முதல் ஐஎஸ் என்ற முறையை வைத்திருக்கின்றன. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளை சூர் என்ற தரநிலையைக் கொண்டுவந்தது, அது கடன் கொடுப்பவர்களையும் முதலீட்டாளர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நம்மிடம் 2005இல் கட்டட, கட்டுமான ஆணையம் தொடங்கிய கிரீன் மார்க் இருக்கிறது. அது முதலில் கட்டடங்களுக்கு, அப்புறம் மற்றவற்றுக்கும் விரிந்தது. 2023இல் அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கம் 73 என்ற எண்ணில் ஒரு தரநிலை வெளியிட்டது. அதில் மார்க்கே கிடையாது. இன்ன விளைவு வர வேண்டும் என்று எழுதியிருக்கும், அதை ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த அட்டவணைகளின் நல்ல பக்கம். வரைபடம் போடுவதற்கு முன்னாலேயே சில கேள்விகளைக் கேட்க வைத்துவிடுகின்றன. இதைக் கட்டத்தான் வேண்டுமா, இந்த இடத்தில்தான் கட்ட வேண்டுமா, ஒரே செலவில் இன்னொரு வேலையும் நடக்குமா என்ற கேள்விகள். பீஷான் பூங்காவைப் பாருங்கள். ஒரு காலத்தில் அங்கே 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோடாக ஒரு கான்கிரீட் லோங்காங், அதாவது பெரிய வடிகால், கிடந்தது. பூங்கா ஒரு பக்கம், கால்வாய் ஒரு பக்கம், நடுவில் வேலி. 2012இல் வேலை முடிந்தபோது அது 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள வளைந்து நெளிந்த ஆறாகிவிட்டது. மழை இல்லாத நாளில் ஆறு சிறியது, கரையில் பிள்ளைகள் விளையாடலாம். பெருமழை வந்தால் பூங்காவின் புல்வெளியும் சேர்ந்து ஆறாகிவிடும். நீர்மட்டத்தைக் கவனிக்கும் கருவியும் எச்சரிக்கை ஒலியும் விளக்கும் இருக்கின்றன. வெள்ளத்துக்கு இடம் கொடுத்ததும் ஆயிற்று, வாத்தும் மீனும் நீர்நாயும் வந்ததும் ஆயிற்று, சாயங்காலம் நடக்க வருகிற தாத்தாவுக்குக் காற்று கிடைத்ததும் ஆயிற்று. இப்படியான திட்டம் வந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். ஒரே படத்தை மூன்று பிரிவிலும் சான்றாக வைக்கலாம்.

இன்னொரு நல்லது, எந்த எண்ணை நம்பி வடிவமைத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருப்பது. 2009 நவம்பரில் புக்கிட் தீமாவில் வெள்ளம் வந்தபோது, 50 ஆண்டுக்கு ஒருமுறை வருகிற மழை என்றார்கள். அடுத்த ஜூனில் ஆர்ச்சர்ட் சாலை மூழ்கியது. கடைகளின் அடித்தளத்தில் தண்ணீர் நின்ற படத்தைப் பகிர்ந்து, “50 வருசம் அதுக்குள்ள முடிஞ்சிபோச்சா?” என்று ஊரே கேலி செய்தது. இரண்டும் வேறு வேறு வடிகால் பகுதிகள், அதனால் கேலி கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் அந்தச் சொல் மக்களுக்குத் தவறான நிம்மதியைக் கொடுக்கிறது என்பது உண்மை. 50 ஆண்டு மழை என்றால் ஒவ்வோர் ஆண்டும் வருவதற்கு 2 சதவீத வாய்ப்பு. 50 ஆண்டு நிற்கப்போகிற கால்வாய் அதை ஒருமுறையாவது சந்திக்க ஏறத்தாழ 64 சதவீத வாய்ப்பு. இதுவும் பருவநிலை மாறாமல் இருந்தால். கால்வாயின் ஒரு பகுதியைக் குப்பை அடைத்துக்கொண்டதும் 2010 வெள்ளத்துக்கு ஒரு காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. குப்பையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கேதான் வரப்போகிறேன்.

கடல்மட்டக் கணக்கும் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. புதிதாகக் கடலை நிரப்பி எடுக்கும் நிலம் சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் 3 மீட்டர் இருந்தால் போதும் என்பதை 2011இல் 4 மீட்டராக்கினார்கள். சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனையத்துக்கு 5.5 மீட்டர். 2024 ஜனவரியில் வந்த மூன்றாவது தேசிய பருவநிலை ஆய்வு, மோசமான நிலைமையில் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் கடல் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்கிறது, 2150க்குள் 2 மீட்டர் வரை. தீவின் 30 சதவீதம் கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டருக்குள்தான் இருக்கிறது. ஆகவே ‘விதிப்படி கட்டினோம்’ என்ற பதில் எனக்குப் போதாது. எந்த ஆண்டின் விதி, எண் மாறினால் சுவரை உயர்த்த அடித்தளம் தாங்குமா, மாற்றுவழி என்ன என்று கேட்பேன். வடிவமைப்பாளர்கள் எரிச்சல்படுவார்கள். ஆனால் நல்ல வடிவமைப்பாளரிடம் பதில் தயாராக இருக்கும்.

இப்போது என் மனக்குறைகள்.

மார்க்கைக் கூட்டும்போது முரண்கள் மறைந்துவிடுகின்றன. மழைநீரைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்து மெல்ல விடுவதற்கு நிலத்தடித் தொட்டி கட்டுகிறோம். ஸ்டாம்ஃபர்ட் தொட்டியில் 38,000 கன மீட்டர் கொள்ளும். ஆர்ச்சர்ட் சாலையைக் காப்பாற்றத் தாவரப் பூங்காவுக்குப் பக்கத்தில் மண்ணுக்கடியில் கட்டி 2018இல் முடித்தார்கள். தொட்டி பெரிதாகப் பெரிதாக மீள்திறன் மார்க் ஏறும். கூடவே கான்கிரீட்டும் கம்பியும் ஏறும், அவற்றைச் செய்யும்போது வெளியான கரியமிலவாயுவும் ஏறும். ஒரு பத்தியில் கூடியது இன்னொரு பத்தியில் குறையும். கடைசி எண்ணைப் பார்ப்பவருக்கு இரண்டும் தெரியாது. நான் இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, “இரண்டுக்கும் சேர்த்துத் தங்கம் வந்துவிட்டதே” என்றார் ஒருவர். அதுதான் பிரச்சினை என்று எப்படி அவருக்குச் சொல்வது?

பெரிய குறை இன்னொன்று. மார்க் போடுகிற நேரம். என்விஷனில் வடிவமைப்பு முடிந்ததும் சோதிக்கலாம், அல்லது கட்டி முடித்ததும் சோதிக்கலாம். எப்படியிருந்தாலும் தொட்டி இன்னும் பத்து மழைக்காலம் பார்த்திருக்காது. பராமரிப்புக்கென்று ஓர் இனம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே சான்றாக வைப்பது ஒரு திட்ட ஆவணம். இன்னின்ன மாதத்தில் இன்னின்னதைச் சுத்தம் செய்வோம் என்ற அட்டவணை, யார் பொறுப்பு என்ற ஒரு பெட்டி. நானே அப்படிப்பட்ட அட்டவணைகளை அழகாக வண்ணம் தீட்டிக் கொடுத்திருக்கிறேன்.

போன வருடம் ஒரு தளத்தில் இந்த அட்டவணைக்காக முருகேசன் அண்ணனைத் தேடிப் போனேன். பட்டுக்கோட்டைப் பக்கம். வடிகால் வேலையில் இங்கே பழுத்தவர். காலையில் வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங் முடிந்து ஆட்களைப் பிரித்து அனுப்பிவிட்டு வந்தார். தொட்டியின் வரைபடத்தைக் காட்டினேன். கிடைமட்டத் தளம், ஒரு மூலையில் பம்ப் குழி, மேலே இறங்குவதற்கு ஒரு மூடி. விரலை அந்த மூடியில் வைத்தார்.

“மேடம், இது மேல என்ன வருது?”

பார்த்தேன். கார் நிறுத்தும் இடம்.

“கார் நின்னுச்சுன்னா யார் நகத்துவா? மழை வரும்னு சொல்லி ஓனருக்கு ஃபோன் போடுவாங்களா?”

அப்புறம் தளத்தின் சாய்வைக் கேட்டார். தண்ணீர் முழுக்கக் குழிக்கு ஓடிவராமல் நடுவில் ஒரு விரல்கடை நின்றாலும் கொசு முட்டையிடும், டெங்கி அதிகாரி வந்து அபராதம் எழுதுவார் என்றார். வெள்ளத்துக்காகக் கட்டிய தொட்டி கொசுப் பண்ணையாவது இந்த ஊரில் நடக்கக்கூடிய விஷயம். மூன்றாவதாக, பம்ப் மிதவை. தண்ணீர் ஏறும்போது மிதவை நிமிர்ந்து பம்ப்பை ஓட வைக்க வேண்டும். “ஒரு பிளாஸ்டிக் பை சுத்திக்கிட்டா முடிஞ்சுது. மிதவை தூங்கும், பம்பும் தூங்கும். எத்தனை பார்த்தாச்சு.”

உள்ளே இறங்குவதும் சாதாரணம் இல்லை. அடைபட்ட இடம் என்பதால் தனி பெர்மிட், காற்றுச் சோதனை, மேலே ஒரு காவல் ஆள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கால் வைக்கக் கூடாது. ஒருமுறை சுத்தம் செய்ய ஒரு குழுவே வேண்டும். செலவு கூடும், செலவு கூடினால் தள்ளிப்போடுவார்கள். இத்தனையும் அண்ணன் கால்மணி நேரத்தில் சொன்னது. என் அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை. மூடியை வண்டிப்பாதை ஓரத்துக்கு மாற்றச் சொல்லிக் குறிப்பு அனுப்பினேன். மாற்றினார்கள், செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்கு மார்க் ஏதாவது கூடியதா என்றால், இல்லை.

மிதவை என்று சொன்னதும் எனக்கு 2017 அக்டோபர் 7 ஞாபகம் வந்தது. அந்தச் சனிக்கிழமை மழையில் பீஷானுக்கும் பிராடலுக்கும் நடுவே எம்ஆர்டி சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தது. ஏறத்தாழ 20 மணி நேரம் ரயில் இல்லை. சுரங்கத்துக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கத்தான் அங்கே மழைநீர்க் குழியும் பம்ப்பும் மிதவையும் வைத்திருந்தார்கள். வடிவமைப்பில் எல்லாம் இருந்தது. அன்றைக்குப் பம்ப் ஓடவில்லை. செய்யாத பராமரிப்பைச் செய்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள் என்று பிறகு விசாரணையில் வந்தது. அந்த இடத்துக்கு எந்த அட்டவணையைக் கொண்டுபோய் மார்க் போட்டிருந்தாலும் மீள்திறனில் நல்ல மார்க்கே கிடைத்திருக்கும்.

அதனால் எனக்கு வேண்டியது திரும்ப வந்து பார்க்கும் ஏற்பாடு. கட்டடங்களுக்கான கிரீன் மார்க் சான்றிதழை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலிய முறையில் வடிவமைப்புக்குக் கொடுப்பது இடைக்கால மதிப்பீடுதான், கட்டி முடித்ததும் மாறும். இயக்கத்துக்கென்றே தனியாக ஒன்றும் உண்டு. கால்வாய்க்கும் தொட்டிக்கும் அதே மாதிரி வரட்டும். அந்த 73ஆம் எண் தரநிலை எனக்குப் பிடித்ததும் இதனால்தான். ‘தண்ணீர் இத்தனை மணி நேரத்தில் வடிய வேண்டும்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தால் பத்தாவது ஆண்டிலும் கேட்கலாம். ‘பிளாட்டினம் வாங்கினோம்’ என்பதைப் பத்தாவது ஆண்டில் யாரிடம் போய்க் கேட்பது? ஒப்பந்ததாரரின் குறைதிருத்தும் காலம் பெரும்பாலும் ஓர் ஆண்டில் முடிந்துவிடுகிறது.

இது அரசாங்கத் திட்டங்களின் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். 2014 முதல் 0.2 ஹெக்டரோ அதற்கு மேலோ உள்ள புதிய மனைகள் எல்லாம் தங்கள் மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல விட வேண்டும். அப்படியானால் அதற்கப்புறம் வந்த பல காண்டோக்களுக்கு, அதாவது தனியார் அடுக்குமாடி வளாகங்களுக்கு, அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. பராமரிப்பது உரிமையாளர்களின் பொறுப்பு. எங்கள் காண்டோவிலும் இருக்கிறது. நீச்சல்குளத்து ஓடுகளின் நிறம் பற்றி ஆண்டுக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினார்கள். செலவுக் கணக்கில் தொட்டிக்கு வரி எங்கே என்று கேட்டேன். “எந்தத் தொட்டி?” என்றார் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்பவர். கட்டி முடித்த வரைபடத்தைத் தேடி எடுத்து, காவலர் அறைக்குப் பின்னால் இருந்த பலகையைத் திறந்து பார்த்தோம். நீர்மட்டம் அதிகம் என்று சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பஸ்ஸர் சத்தம் தொல்லை என்று யாரோ அதன் வயரைக் கழற்றி டேப் சுற்றி வைத்திருந்தார்கள்.

சுத்தம் செய்யும் செலவை நிர்வாக நிதியிலிருந்து எடுப்பதா, இருப்பு நிதியிலிருந்து எடுப்பதா என்று இப்போது வாக்குவாதம். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதுவரைக்கும் பஸ்ஸர் வயரையாவது மாட்டச் சொன்னேன், மாட்டிவிட்டார்கள். ராத்திரி அது கத்தினால் முதல் ஃபோன் எனக்குத்தான் வரும் என்று காவலர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதைச் செய்கிறவர்.